நீங்கள் அவிழ்த்த முடிச்சு

இன்று காலையில் நம் பேத்தியின் பிள்ளைக்குத் தொட்டில் கட்டினேன். என் பழைய நூல்சேலை ஒன்றை உத்திரத்தில் போட்டு, இரண்டு முனையையும் இழுத்து முடிந்த பிறகுதான் கவனித்தேன், என் விரல்கள் போட்டிருந்தது உங்கள் முடிச்சு. கப்பலில் நீங்கள் கற்று வந்தது. எவ்வளவு பாரம் தொங்கினாலும் நழுவாது. அவிழ்க்க நினைத்தால் நகத்தை உடைக்காது. பேத்தி இழுத்துப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, தாங்குமா?" என்றாள். "ஒங்க தாத்தா முடிச்சுடி. ஒன்னையும் சேத்து ஏத்துனாலும் தாங்கும்" என்றேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அஞ்சாப்புப் படித்தவள் எழுத்து. நீங்கள் வாசித்துச் சிரித்த அதே எழுத்துதான்.

அனுமந்தன்பட்டியில் பிறந்து, ஆற்றையும் கண்மாயையும் விட்டால் வேறு பெரிய தண்ணீர் பார்க்காத நீங்கள் கடற்படைக்குப் போனது ஊருக்கே வேடிக்கை. பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா, "கடலுக்குள்ள என்ன வேல மாப்ள, மீன் புடிக்கவா?" என்று கேட்டார். "இல்ல மாமா, மீனு எங்களப் புடிச்சிராமப் பாத்துக்கிற வேல" என்றீர்கள். கதவுக்குப் பின்னால் நின்ற நான் சிரித்தது உங்களுக்குக் கேட்டுவிட்டது. கடல் சண்டையில் கப்பல் மூழ்கி, நீங்கள் பிழைத்து வந்த பிறகு அந்தப் பேச்சை ஒருநாளும் திருப்பிச் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் வயல் வைத்துக்கொண்டு, ஆற்றில் கால் நனைக்காத ஒரே சம்சாரி நீங்கள்தான். கிணற்றடியில் வாளியில் இறைத்துத்தான் குளித்தீர்கள். அந்த வாளிக் கயிற்றிலும் இதே முடிச்சுதான்.

முழங்கால் விட்டுப்போய், வயலைப் பெரியவனிடம் கொடுத்த பிறகு உங்கள் கடற்படைக் கதையைப் புத்தகமாக எழுத ஆரம்பித்தீர்கள். எழுதியதைச் சாயங்காலம் வாசிப்பீர்கள். நான் மொச்சை உரித்துக்கொண்டே கேட்பேன். ஒருநாள் லைஃப் ஜாக்கெட் என்று வாசித்தீர்கள்.

"அதென்ன?"

"தண்ணியில மெதக்குறதுக்குப் போட்டுக்கிற சட்ட."

"அப்ப மெதக்குற சட்டன்னு எழுத வேண்டியதுதான?"

அடித்துவிட்டு எழுதினீர்கள். "ஒனக்குப் புரிஞ்சா நாட்டுக்கே புரியும்" என்றீர்கள். "அப்ப நாடே அஞ்சாப்புத்தானாக்கும்" என்றேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது. பேரன் இன்ஜினியர், பேத்தி டீச்சர். இருந்தாலும் அந்தப் புத்தகத்தை முதலில் கேட்டவள் நான். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கப்பல் மூழ்கிய இடம் வந்தபோது உங்கள் குரல் மாறியது. "செல்லையாவும் நானும் அலையில் பிரிந்தோம்" என்று வாசித்துவிட்டு நிறுத்தினீர்கள். செல்லையா சின்னமனூர்க்காரர். கடற்படைக்கு உங்களோடு ஒரே நாளில் ரயிலேறியவர். பிரிந்தோம் என்பதுதான் ஊருக்கு நீங்கள் சொன்னதும். நான் மொச்சையைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு நீங்கள் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். அலை பிரித்துவிடக் கூடாதென்று உங்கள் இடுப்பையும் அவர் இடுப்பையும் ஒரே கயிற்றில் பிணைத்தீர்கள். நெருப்பில் வெந்த உடம்போடு அவர் பேசிக்கொண்டே இருந்தார். வெளிச்சம் வந்தபோது பேச்சு நின்றிருந்தது. தூரத்தில் வேறொரு கப்பல் தெரிந்தது. அவரையும் இழுத்துக்கொண்டு நீந்த உங்களுக்குத் தெம்பில்லை.

"நாந்தான் கட்டுனேன். நாந்தான் அவுத்தேன்" என்றீர்கள். "அத அவன் பொண்டாட்டிட்ட எப்பிடிச் சொல்றது? வேற கப்பல்காரன் ஏத்தியிருந்தாலும் ஏத்தியிருப்பான் ஆத்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அந்த ஒரு சொல்லை அவர் மனைவி முத்துப்பேச்சி பிடித்துக்கொண்டது நம் எல்லோருக்கும் தெரியும். அவர் இறந்ததாகச் சர்க்காரிடமிருந்து காகிதம் வந்தது. அவள் பொட்டை அழிக்கவில்லை. "சர்க்காரு அங்கன இருந்துச்சாக்கும்? கூட இருந்தது எங்கண்ணன். அவரு செத்தாருன்னு அவுக சொல்லலையே" என்று உங்களைக் காட்டியே வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் சின்னமனூர் ஆற்றுக்கு வந்து, நாங்களெல்லாம் மாற்றுவதுபோல் மஞ்சள் தடவிய புதுத் தாலிக்கயிறு மாற்றினாள். தலை நரைத்தும் மாற்றினாள். பக்கத்தில் நின்று நானே பலமுறை அவளுக்கு முடிந்துவிட்டிருக்கிறேன். அன்று நீங்கள் சொன்ன பிறகுதான் என் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

"அவ கேக்காம இது அச்சுக்குப் போகாது" என்று பக்கத்தைத் திருத்தி எழுதினீர்கள். இருவரும் பஸ் ஏறிச் சின்னமனூர் போனோம். தலை நிறையப் பூவோடு ஓடி வந்து, "வாங்கண்ணே, வாங்க மதினி, வழி தெரிஞ்சுச்சா?" என்று கூப்பிட்டாள். நீங்கள் உட்காரவில்லை. நின்றபடியே வாசித்தீர்கள். "அவன் கண்ணை மூடிவிட்டு முடிச்சை அவிழ்த்தேன்" என்பது கடைசி வரி.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அண்ணே, அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே அழுது முடிச்சிருப்பேன்ல" என்றாள். "இம்புட்டு வயசுக்கப்புறம் அழுகைக்கு நா எங்கிட்டுப் போவேன்?"

நீங்கள் கைகூப்பினீர்கள்.

"கும்பிடாதீக. புத்தகத்துல போட்டுக்கங்க. எனக்கென்ன."

கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று நீங்கள் சொல்லவில்லை. துக்கத்துக்குப் போன இடத்தில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதே. அவள் வீட்டில் அன்றைக்குத்தான் சாவு விழுந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தீர்கள். வாழைத் தோப்பெல்லாம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. உங்கள் விரல்கள் துண்டின் நுனியில் முடிச்சுப் போட்டு அவிழ்த்து, போட்டு அவிழ்த்து வந்தன.

புத்தகம் வந்தது. தேனியில் மேடை போட்டு மாலை போட்டார்கள். நீங்கள் யாரைத் தேடினீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு நான் ஆற்றுக்குப் போய்த் திரும்பியதும் வாசலிலேயே கேட்டீர்கள்.

"வந்திருந்தாளா?"

"வரல."

அன்று நீங்கள் சாப்பிடவில்லை. அந்தத் தை பிறக்குமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

துக்கத்துக்கு அவள் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் எழுந்து போனாள். உங்களைக் கடைசிவரை மன்னிக்கவில்லை என்றே எண்ணிக்கொண்டேன். உங்கள் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஆடிப்பெருக்கு வந்தது. எனக்கு ஆற்றில் வேலையில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். தட்டும் சத்தம். அவள்.

"நமக்குத்தான் இன்னைக்கு ஆத்துல சோலி இல்லையே மதினி. அதேன் இங்கன வந்தேன்" என்றாள். காப்பி குடித்தாள். பிறகு மெதுவாக, "அந்தப் பக்கத்த வாசிக்கிறீகளா? எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே" என்றாள்.

சாமிப் படத்தருகே வைத்திருக்கும் புத்தகத்தை எடுத்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். நீங்கள் வாசித்ததுபோல் என்னால் முடியுமா. கடைசி வரியையும் வாசித்து முடித்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அப்ப அவரு தனியாச் சாகல மதினி" என்றாள். "கூட எங்கண்ணன் இருந்தாக. கண்ண மூடிவிட்டுத்தான் அவுத்தாக."

அப்போதுதான் அழுதாள். அன்றைக்கு வராத அழுகையெல்லாம் வந்தது. நானும் சேர்ந்து அழுதேன், அவருக்கும் உங்களுக்குமாக.

நீங்கள் கேட்காமல் போன சொல் அதுதான். இத்தனை நாளாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன், யாரிடம் இறக்குவது என்று தெரியாமல்.

கிளம்பும்போது படியில் நின்றவள் திரும்பி வந்தாள். மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் சற்று நேரம் நின்றாள். பிறகு, உயிரோடிருப்பவரிடம் சொல்வதுபோல, "போயிட்டு வாரேண்ணே" என்றாள்.