சாக்பீஸ் வந்த எட்டு நாள்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே வெயில் சுள்ளென்று. சர்ச்சில் முதல் பூசை முடிந்து அப்படியே விழுப்புரம் பஸ். கையில் காய்கறிக் கூடை, ஒரு பழைய துண்டு.

நாய்க் காப்பகம் ஊருக்கு வெளியே. பொறுப்பில் இருக்கும் பெண் ரேவதி. குட்டிகள் எல்லாம் கம்பிக்கு ஓடி வந்தன. ஒன்று மட்டும் பின் மூலையில். நாட்டு நாயும் லாப்ரடாரும் கலந்தது. நாலு மாசம். தேன் நிறம், ஒரு காது மடிந்து ஒரு காது நிமிர்ந்து. வால் நுனி மட்டும் வெள்ளை.

"அது வேணாம் டீச்சர். ரெண்டு வீட்டுக்குப் போயி திரும்பி வந்துடுச்சி. ஒளிஞ்சிக்கினே இருக்கும், சாப்பிடாது."

அதையே கேட்டேன். கடைசி பெஞ்சுப் பிள்ளை என்றால், ரிட்டயரான பிறகும் எனக்கு அப்படித்தான்.

விதி: அடுத்த ஞாயிறு ரேவதி வீட்டுக்கு வருவாள். குட்டி பழகியிருந்தால் கையெழுத்து. இல்லை என்றால் கூட்டிப் போய்விடுவாள். மூன்றாம் முறை திரும்பினால் இனி யாருக்கும் தரமாட்டார்கள், காலத்துக்கும் அந்தக் கம்பிக்குள்தான்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர்: "இன்னாம்மா, கூடை மூச்சு உடுது?"

"திண்டிவனம் வரைக்கும் உட்டுக்கட்டும்பா." சிரித்துவிட்டு நகர்ந்தார்.

பேர்: சாக்பீஸ். வாலைப் பார்த்து.

9, திங்கள்

கட்டிலுக்கு அடியில். நேற்றிலிருந்து வெளியே வரவில்லை. வைத்தவை: பால்சாதம், அவித்த முட்டை, கேப்பைக் கூழ். தொட்டவை: தண்ணீர் மட்டும்.

என் வீட்டுக்காரர் ஆரம்பத்திலிருந்தே நாய் வேண்டாம் என்றவர். குனிந்து பார்த்தார். "நாய் கொண்டாந்தியா, கட்டிலுக்கு அடியில குடித்தனம் வெச்சியா?"

கரண்ட் பில் நாளை.

10, செவ்வாய்

இன்றும் சாப்பிடவில்லை. விலா எலும்பு எண்ணலாம் போல. தட்டு பக்கத்திலேயே காவல் இருந்தேன். நடந்தேன், குனிந்தேன், பார்த்தேன், மறுபடி நடந்தேன்.

இவர் பேப்பரை இறக்கினார். இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர், ஆளை அளப்பதில் கெட்டிக்காரர்.

"டீச்சர், நீ எக்ஸாம் ஹால்ல நடந்துக்கினு இருக்க. கை ரெண்டும் பின்னால. பிட் அடிக்கிறவனைப் புடிக்கிறாப்புல குனிஞ்சி குனிஞ்சி பாக்குற. நானா இருந்தாலும் சோறு எறங்காது."

கோபம் வந்தது. கையைப் பார்த்தேன். பின்னால்தான் இருந்தது.

11, புதன்

விடிந்ததும் அஞ்சலை ஞாபகம். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை. பக்கத்தில் போய் நின்றால் வாயே திறக்காது. ஒரு நாள் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டு இருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் கணீரென்று பாடம் வாசிக்கிறது ஒரு குரல். அவள்தான். நான் திரும்பவில்லை. பலகை நிறைந்த பிறகும் சும்மா எழுதிக்கொண்டே இருந்தேன்.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு மூன்று நாள் வீணடித்திருக்கிறேன்.

மாலை 4. தட்டை வைத்துவிட்டு, கட்டிலுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தேன். மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்தேன். கால்படி இருக்கும். திரும்பவில்லை. கழுத்து வலி.

பின்னால் சளப், சளப்.

முழுத் தட்டும்!

12, வியாழன்

மழை. குக்கர் விசில் அடித்ததும் மறுபடி உள்ளே. பயத்தில், அங்கே கிடந்த இவர் வேட்டிமேல் ஒன்றுக்குப் போய்விட்டது. "இதுக்குத்தான் வேணான்னேன்." வேட்டியை நானே அலசினேன். இரண்டு அடி முன்னால், ஒன்றரை அடி பின்னால். வகுப்பிலும் இப்படித்தான்.

இனி குக்கர் வேண்டாம், பானைச் சோறு.

13, வெள்ளி

கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். ஜன்னல் வழியே: இவர் தரையில், கட்டிலுக்கு முதுகு காட்டி, பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டு. முட்டி வலி என்று கோயிலில்கூட நாற்காலி கேட்கிறவர்! பின்னால் ஒரு முழம் தள்ளி சாக்பீஸ், தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டு.

வாசலில் செருப்பைத் தேய்த்துச் சத்தம் போட்டு வந்தேன். அதற்குள் இவர் நாற்காலியில்.

நான் பையோடு நேரே அடுப்படிக்கு.

14, சனி

என் முழங்கையை மோந்தது. ஈர மூக்கு. அவித்த மல்லாட்டை ஒன்று, கையிலிருந்தே!

நாளை ரேவதி. முதல் இன்ஸ்பெக்‌ஷன் நாள் போல.

15, ஞாயிறு

10 மணி. ரேவதியின் ஸ்கூட்டி சத்தம். சாக்பீஸ் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது.

கூப்பிட்டேன். முட்டையைக் காட்டினேன். மண்டியிட்டுக் குனிந்து கெஞ்சினேன். ம்ஹூம். ரேவதி கையில் காகிதம், முகத்தில் சங்கடம். "பரவால்ல டீச்சர். உங்க மேல தப்பு இல்ல..."

கண்ணில் நீர் முட்டிவிட்டது.

இவர் சொன்னார்: "டீச்சர், மறுபடி ஹால் சூப்பர்வைசர் ஆயிட்ட. திரும்பு. ஏம்மா, நீயும் உக்காரு. சொவத்தப் பாரு."

மூன்று பேரும் தரையில், காலண்டரைப் பார்த்தபடி. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி. இவர் பேப்பரை விரித்து மழைச் செய்தி வாசிக்க ஆரம்பித்தார். ரேவதிக்குச் சிரிப்பு. "சிரிக்காதம்மா, வரும்."

டிக், டிக். தரையில் நகம்.

என்னைத் தாண்டியது. ரேவதி துப்பட்டாவை மோந்தது. பிறகு பேப்பரை முட்டித் தள்ளிவிட்டு இவர் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. வால் மட்டும் என் கைமேல்.

ரேவதி மெல்ல: "டீச்சர், இப்ப திரும்பலாமா?"

"அசையாத!" இது இவர். "தூங்குது."

கையெழுத்துக்குப் பேனா தேடினேன். திருத்துகிற சிவப்புப் பேனாதான் அகப்பட்டது. காகிதத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டுவிட்டேன்.

"கையெழுத்து டீச்சர்" என்றாள் ரேவதி.

அதையும் போட்டேன்.