செல்வி கையில் நீலத் தடங்கள்

1988, ஆடி 2
காலையிலிருந்தே காற்று. மலைப்பக்கம் சாரல். மில்லில் பஞ்சுத் தூசி, ஓயாத தும்மல். கல்யாணமாகி முதல் ஆடி என்று செல்வியை அவள் அண்ணன் முருகேசன் கூமாப்பட்டிக்கு அழைத்துப் போய்விட்டார். வீடு வெறிச்சென்று இருக்கிறது. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், பிளேடு, ஊறுகாய்.

ஆடி 5
மச்சான் மில் வாசலுக்கே வந்துவிட்டார். செல்வி கையிலும் தொடையிலும் நீல நீலமாகத் தடங்களாம்.
"ஏலே, அடிக்கதுக்கா எந்தங்கச்சியக் கட்டிக் குடுத்தோம்? ஆடி முடிஞ்சாலும் அனுப்ப மாட்டோம்!"
மாப்பிள்ளையை ஏலே என்று! அதுவும் வாட்ச்மேன் முன்னால். நான் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. "அவிய அடிக்கல" என்று செல்வி சொன்னாளாம். புருஷனை விட்டுக் கொடுக்கமாட்டாள் என்று அதையும் நம்பவில்லை. "எங்கயாவது இடிச்சிருப்பேன்" என்றுதான் என்னிடமும் சொல்லியிருந்தாள். சோறு இறங்கவில்லை. அவளைப் பார்க்காமல் எப்படி?

ஆடி 11
மறுபடி மச்சான். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.
"மாப்ள... நேத்து புதுசா ரெண்டு தடம். எங்க வீட்லதான இருக்கா. யாரு அடிச்சா?"
சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் அது நின்றது. அப்படியானால் அவளுக்கு என்ன?

ஆடி 12
லீவு. நானும் மச்சானும் செல்வியை ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். பல் தேய்த்தால் ரத்தம் வருதா? ஆமாம். மாதவிலக்கு அதிகமா? ஆமாம். காலில் சிவப்புப் புள்ளிகள்; நாங்கள் கொசுக்கடி என்றிருந்தோம். ரத்தம் எடுத்தார்கள்.
"ரத்தம் உறையறதுக்கு பிளேட்லெட்னு அணு இருக்கு. இவளுக்கு ரொம்பக் கம்மி. யாரும் அடிக்க வேண்டாம், தானாவே கன்னிப்போகும்."
பெரிய வியாதியா என்று பார்க்க மதுரைக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. பயம்.

ஆடி 20
கேன்சர் இல்லை! இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்த பரிசோதனை நல்லபடி. உடம்பே அந்த அணுக்களை அழிக்கிறதாம். ஸ்டீராய்டு மாத்திரை. நாமாக நிறுத்தக் கூடாது; கண்ட வலி மாத்திரை கூடாது. மச்சான் மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதுவிட்டார். "மனசுல வச்சுக்கிடாதீங்க மாப்ள." திட்ட நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோச்சு. மூவரும் புரோட்டா.

ஆவணி 14
செல்வி வந்துவிட்டாள்!! பிளேட்லெட் நன்றாக ஏறியிருக்கிறது. மாத்திரையால் முகம் பூசணிக்காய். எதிர்வீட்டு அக்கா: "ஏட்டி, ஆடிக்குப் போயி எம்புட்டு சதை போட்டுட்ட!" கூட வந்த மச்சான் தெருவில் நின்று, "எங்க மாப்ள தங்கம். அவரு அடிக்கவே இல்ல, கேட்டுக்கிடுங்க!" யாரும் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் தெரு முழுக்க, "அடிச்சாரா?" என்று கேட்கிறது. மானம் போச்சு. சிரித்துச் சிரித்து வயிற்று வலி.
சாயங்காலம் செல்வி கட்டில் காலில் முழங்காலை நங்கென்று இடித்துக்கொண்டாள். எனக்கும் மச்சானுக்கும் மூச்சே நின்றது. "எதுக்கு ரெண்டு பேரும் இப்படி முழிக்கீங்க?" என்கிறாள்.

ஆவணி 15
விடிந்ததும் முதல் வேலையாக முழங்காலைப் பார்த்தேன். வாசலிலிருந்து மச்சான், "என்ன மாப்ள?"
ஒன்றுமே இல்லை.