ஒத்திகையில் செல்லியம்மாள் குரல்

அன்பு மகளுக்கு,

நேரில் வந்தால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

காலையில் உன் ஒத்திகைக்குப் பக்கத்து வீட்டுச் செல்லியம்மாளை ஆசையாக அழைத்து வந்தேன். புருஷன் சாவில் அவள் ஒப்பாரி வைத்து அழுத குரலை நீ லேப்டாப்பிலிருந்து வயலினோடு கலந்து ஸ்பீக்கரில் விட்டாய். சத்தம் சரிபார்க்க அதே வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டினாய்.

“வாத்தியாரே, எங்க வூட்டுக்காரரு எத்தினி வாட்டி சாவணும்?” என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போனாள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வகுப்பில் அடுத்தவர் பென்சிலைக்கூடக் கேட்டுத்தான் எடுக்கச் சொல்வேன். இது பென்சிலா? நாளைக் கச்சேரிக்கு முன் அவளிடம் போய்க் கேள். வேண்டாம் என்றால் அழித்துவிடு.

அன்று சாவு வீட்டில் அதைப் பதிவு செய்ய நீ போனை நீட்டியதை அவள் தம்பி தடுத்தபோது, “நம்ம பொண்ணுதாங்க, வுடுங்க” என்று சொன்னவன் நான். உன்னோடு நானும் வருகிறேன்.

அப்பா