அன்னத்தின் நெற்றிப் பொட்டு

நிலவின் தென்முனை முகாம். அக்டோபர் 3, காலை 9:20

வாகனச் சோதனைப் பதிவு. எழுதுவது செண்பகவல்லி, சோதனைப் பொறியாளர், சொந்த ஊர் கோவில்பட்டி. இதைப் படிப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த முகாமில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். அடுத்த கப்பலில் எட்டுக் குடும்பங்கள் குடியேற வருகின்றன. அவர்களுக்கு எந்த மின்காரை வாங்குவது என்பதை என் மதிப்பெண்தான் முடிவு செய்யும்.

வண்டிகள் இரண்டு. கடா திறந்த வண்டி. கவச உடையை மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும், மாட்டி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். ஸ்டியரிங் உண்டு. கையுறையோடு திருகத் தோதாகப் பெரிய பெரிய குமிழ்கள் உண்டு. பார்வைக்கு ஐஸ்பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போலிருக்கிறது.

அன்னம் மூடிய வண்டி. உள்ளே காற்று இருப்பதால் வீட்டு உடுப்போடு ஏறலாம். ஸ்டியரிங் கிடையாது, பொத்தான் கிடையாது, இடத்தைச் சொன்னால் அதுவே போகும். வழவழவென்ற முகம், நடு நெற்றியில் கறுப்பாக ஒரு கண்ணாடி வட்டம். வரைந்தவன் கைக்கு மோதிரம் போடலாம்.

ஒரு குறை. பயணம் முடிந்ததும் மதிப்பெண் கேட்டு நச்சரிக்கிறது. நாம் வாயைத் திறக்காவிட்டால் போன தடவை கொடுத்ததையே போட்டுப் பூமிக்கு அனுப்பிவிடுகிறது. இதற்காக அரை மதிப்பெண் குறைத்தேன்.

அக்டோபர் 9, மாலை 6:00

குறைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

இன்று வேலை முடிந்த பிறகும் அன்னத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். ஏறியதுமே, "வணக்கம் செண்பகம். நேற்று நீங்கள் சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது" என்றது. அப்படி ஒருவர் என்னிடம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. எழுதிக் கொடுத்த வசனம் என்று தெரியும். தெரிந்தும், ஆமாம், தூங்கவில்லை என்று பதில் சொன்னேன். கடாவில் ஏறினால் ஒரு 'பீப்', அவ்வளவுதான்.

பூமிக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் சுடலைமுத்து தினம் ஒருமுறை பேசுவான். இன்று அவன் அனுப்பியது: "யக்கா, வண்டிக்கு மார்க்குப் போடச் சொன்னா மாப்பிள்ளைக்குப் போடுத மாதிரில்லா போடுதிய."

போட்டால் என்ன. அன்னம் பத்துக்குப் பத்து. கடா ஆறு. இந்தச் சாம்பல் மண்ணைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குத்தான் பேச்சுத்துணைக்கு எத்தனை மதிப்பெண் என்று தெரியும்.

அக்டோபர் 14, காலை 8:15

ஆயுத பூஜை. வண்டி இருக்கிற இடத்தில் பொட்டு வைக்காமல் இருந்தால் எனக்கு மனசு கேட்காது.

ஊரிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். எலுமிச்சம்பழத்துக்கு எங்கே போவது? ஊறுகாய்ப் பொட்டலங்களைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றினேன். காற்றடைத்த வண்டிக் கொட்டகை முழுக்க மசாலா. அதைத் துடைத்ததுதான் இன்றைய பெரிய வேலை.

கடாவுக்கு ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு. அன்னத்துக்கு நடு நெற்றியில், அந்த வட்டத்திலேயே, சந்தனத்தைத் தடவி மேலே குங்குமம் அப்பினேன். வைத்ததும் முகத்துக்கு ஒரு களை வந்துவிட்டது. பூஜையன்று வண்டியை ஓட்டக் கூடாது. வாசல்வரை மட்டும் நகர்த்தினேன். முகாமுக்குள் தரைக்கோட்டைப் பார்த்து அது தானாகவே போகும்.

அக்டோபர் 15, பிற்பகல் 1:05

சுடலையின் அவசரச் செய்தி: "யக்கா, சூரியன்ல பெரிய வெடிப்பு. ஒரு மணி நேரத்துல கதிர்வீச்சு அங்க வந்துரும். முகாம் கூரை தாங்காது. ஒடனே மலைக் குகைக்குப் போயிருங்க. எந்த வண்டில போறிய?"

அன்னம் என்றேன். "சரி, சட்டை மாட்டுத நேரம் மிச்சம்" என்றான். கவச உடையை ஆணியிலேயே விட்டுவிட்டுச் சுடிதாரோடு ஏறிவிட்டேன். குகைக்குள் காற்றறை உண்டு, அதன் வாசலில் வண்டியே போய் ஒட்டிக்கொள்ளும், உடை எதற்கு?

பிற்பகல் 1:25

முகாம் எல்லையைத் தாண்டியதும் நின்றுவிட்டது.

அன்னம் சொன்னது: "முன்னால் சிவப்புத் தடை இருக்கிறது. அது விலகியதும் புறப்படுவோம்."

எதிரே வெறும் மண். ஒரு கல்கூட இல்லை. முன்கண் பார்ப்பதைத் திரையில் காட்டச் சொன்னேன். திரை முழுக்கச் சிவப்பு. உற்றுப் பார்த்தால் அதில் என் விரல் ரேகை.

எல்லை தாண்டினால் அது அந்த வட்டத்தின் வழியாகத்தான் பார்க்கும் என்று கையேட்டில் படித்தவள் நான். அழகான நெற்றி என்று மட்டும்தான் நேற்று தோன்றியது.

பிற்பகல் 1:40

துடைக்க வெளியே இறங்க வேண்டும். உடை ஆணியில் தொங்குகிறது. அந்தக் கண்ணுக்கு வைப்பரும் இல்லை, அழகு கெடும் என்று விட்டுவிட்டார்களாம். பின்னால் போகச் சொன்னேன். "தடை இருக்கும்போது நகர்வது பாதுகாப்பல்ல, செண்பகம்."

சுடலை: "யக்கா, முன்கண்ண அணைக்கதுக்கு கம்பெனிக்காரன் சம்மதம் வேணும். கேட்டிருக்கேன். பயப்படாதிய. நான் லைன்லயே இருக்கேன்."

பிறகு ஒரே இரைச்சல். அவன் குரல் வரவில்லை.

பிற்பகல் 3:10

வாந்தி. கண்ணுக்குள் வெள்ளைப் பொறி பறக்கிறது. கொட்டகை வாசலில் கடா தெரிகிறது. அதன் ஸ்டியரிங்கிலும் பொட்டு இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கும், எதையும் மறைக்காது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் பேச வேண்டும்.

அதைவிட அந்த எட்டுக் குடும்பங்கள். பிள்ளைகளும் வருகிறார்கள். நான் போட்ட பத்தை நம்பி இதில் ஏறுவார்கள்.

"அன்னம், உனக்குப் பூஜ்யம். உடனே அனுப்பு" என்றேன்.

"பயணம் முடிந்ததும் நீங்கள் மதிப்பெண் தரலாம்."

மணி தெரியவில்லை

சுடலை கேட்கிறதா. கடாவையே கொடுங்கள். பேசாவிட்டால் பரவாயில்லை. ஸ்டியரிங் இருக்கிறது, கையால் திருப்பலாம், அது போதும். அன்னத்துக்குப் பூஜ்யம். முடிகிறவரை விழித்திருந்து நானே சொல்லிவிடு

இது பாட்டுக்குக் கேட்கிறது, குளிர் சரியாக இருக்கிறதா என்று. நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு யாரிடம் பேச

அக்டோபர் 17, காலை 6:00. வாகனத்தின் தானியங்கிப் பதிவு

பூமியுடன் தொடர்பு சீரானது. உள் வெப்பநிலை இருபத்துநான்கு டிகிரி, பயணியின் விருப்பப்படி. முன்னால் சிவப்புத் தடை விலகவில்லை. நீண்ட காத்திருப்பின் காரணமாகப் பயணம் முடித்துவைக்கப்பட்டது.

மதிப்பெண் மூன்று முறை கேட்கப்பட்டது. பயணி பதில் தரவில்லை. முந்தைய மதிப்பெண் பதிவு செய்யப்பட்டுப் பூமிக்கு அனுப்பப்பட்டது: பத்துக்குப் பத்து.