பெற்றிசியா தைத்த அறை

பேசாலை,
12.10.2014

அன்பு மகன் வலன்ரைனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் கால் வீக்கம் வற்றி மறுபடியும் கரைக்குப் போய் வருகிறார். அந்தக் குளிரில் நீயும் மருமகளும் சின்னவளும் நோய்நொடியில்லாமல் இருக்க வேணுமென்று மடு மாதாவிடம் கேட்டபடிதான் இருக்கிறேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு நீங்கள் வந்து தங்க அறை ஆயத்தமோ என்று போனில் கேட்டாய். ஆயத்தம் என்றேன், மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். தங்கச்சி பெற்றிசியா தைக்கிற வடக்குப் பக்க அறையைத்தான் உங்களுக்கென்று மாற்றினோம். மருமகள் வெளிநாட்டுப் பிள்ளை, முற்றம் தாண்டிக் குளிக்கப் போக மாட்டாள் என்று நானாகவே நினைத்து அறைக்குள்ளேயே குளியலறை கட்டச் சொன்னேன். அறை சின்னது, பெரிய கட்டிலும் அலுமாரியும் வைத்தால் நடக்கவும் இடமிராது என்று மேசன் சிங்கராசா முதலே சொன்னார், நான் கேட்கவில்லை. குளியலறைத் தரையின் வாட்டம் பிழைத்துத் தண்ணீர் கட்டிலடிக்கு வந்தது, உடைத்துத் திரும்பப் போட்டோம். அலுமாரி வாசலால் போகவில்லை, நிலையைக் கழற்றினோம். கடைசியில் ஏசி பூட்டவென்று யன்னலையும் கல் வைத்து அடைத்தாயிற்று. இப்போது பகலிலும் லைற் போட வேணும்.

தங்கச்சியின் தையல் மெசினை அடுப்பெரிகிற குசினியோடு ஒட்டின நடையில் வைத்தோம். சண்டை பிடிக்கவில்லை. தைக்கப் பழக வருகிற பிள்ளைகளை எங்கே இருத்துவது என்று மட்டும் கேட்டாள், அண்ணா வந்து போகுமட்டும் பொறு என்றேன். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பிறகு ஒரு மணப்பெண்ணின் வெள்ளைச் சட்டையில் குசினிக் கரி பட்டுப் பழுதாகி, பெண்ணின் தாய் வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனார். அடுத்த நாள் மெசினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரியமடுவில் செலீனா மாமி வீட்டுக்குப் போய்விட்டாள்.

போன கிழமை கூட்டிவரப் போனேன். மாமி விறாந்தையை அவளுக்கு விட்டிருக்கிறார், நாலைந்து பிள்ளைகள் பாயில் இருந்து தைக்கிறார்கள். எனக்குத் தேத்தண்ணி தந்தாள், என் சட்டைக் கையில் விட்டிருந்த தையலைப் பார்த்து அப்படியே இருத்தித் தைத்துவிட்டாள். வா பிள்ளை போவோம் என்றேன்.

"அண்ணா வந்தா வந்து பாப்பன் அம்மா. இருக்க வரமாட்டன். அறையை மாத்தேக்க என்னட்டயும் ஒரு சொல் கேட்டிருக்கலாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை மகன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யன்னலைத் திரும்ப உடைப்போம் என்கிறார் அப்பா. உடைக்கலாம், உடைத்தால் வருவாளோ தெரியாது. நீ இதொன்றும் கேட்கவில்லை, உன்னில் பிழையில்லை. எல்லாம் என்னுடைய அவசரம்.

ஒன்று மட்டும் செய். வந்து இறங்கினதும் நேரே இங்கே வராதே, சுற்றென்றாலும் முதலில் பெரியமடுவுக்குப் போ. எனக்காக ஒன்றும் பேசாதே. சின்னவளுக்கு ஒரு சட்டை தைத்துத் தரச் சொல்லிக் கேள். அவள் இன்னும் அந்தக் குழந்தையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

காதை மூடாமல் வெளியே போகாதே. ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
அருளம்மா