தாய்வீட்டுச் செலவு

போதும் டாக்டர். வேலை போய்விடுமே என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று காலை லேப் அலமாரியை ஒழிக்கச் சொன்னார் மேனேஜர். பின்வரிசையில் நீங்கள் கடைசியாக வாங்கிய கிட் பெட்டி, தேதி கடந்து, பிரிக்கப்படாமல் கிடந்தது. குறைமாதத்தில் வலியென்று வருகிறவளுக்குப் பஞ்சுக்குச்சியில் எடுத்துப் பார்க்கிற சோதனை. அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரசவம் ஆகாது என்றால் ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடும். நீங்கள் இருந்தவரை பலர் அன்றைக்கே வீடு திரும்பினார்கள். அதுதான் மேனேஜருக்கு உறுத்தியது.

"கிட்டுக்கும் காசு, கட்டிலும் காலி. யாருக்கு லாபம், மேடம்?"

"வலிச்சு வந்தவளுக்குய்யா. அவளும் இந்த ஆஸ்பத்திரியிலதான இருக்கா?" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். அந்த வருஷம் எனக்கு இன்கிரிமெண்ட் இல்லை. அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

நீங்கள் காலமானதும் கிட் வாங்குவது நின்றது. இப்போது வலி என்றாலே படுக்கை, ஊசி, ஸ்கேன். தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்ற நம் ஊர் வழக்கத்தை மேனேஜர் நன்றாகவே படித்து வைத்திருக்கிறார். சேர்க்கலாமா என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்கமாட்டார், மாமியாரிடம் கேட்பார். "சேத்துருங்க சார், எங்க வீட்டு வாரிசு" என்று அந்தம்மா சொன்னபின் எந்தச் சம்பந்தி வேண்டாமென்பார்?

வடமதுரைப் பெண் ஒருத்தி வளைகாப்பு வளையல்களோடு வந்தாள். சேர்த்தார்கள். பொய்வலி. சில நாளில் மறுபடி வந்தாள், அதுவும் பொய்வலி. பெண்ணின் கம்மலை அடகு வைத்துப் பில் கட்டிய அப்பா மேனேஜரிடம் கேட்டார்: "ஏன் சார், எது நெசவலின்னு பாத்துச் சொல்ல ஒங்ககிட்ட ஒண்ணுமே இல்லையா?"

"ஏ.சி. ரூம்ல புள்ள பத்திரமா இருந்துச்சுல்ல பெரியவரே? அப்புறமென்ன?"

மூன்றாம் முறை வலித்தபோது அந்த அப்பா கிளம்பவில்லை. "செத்த நேரம் பொறும்மா, அதுவா அடங்கிரும்" என்றாராம். அடங்கவில்லை. ஆட்டோவிலேயே பிறந்த குழந்தை, இங்கே வந்து சேர்வதற்குள் போய்விட்டது.

"ஒடனே கூட்டிட்டு வந்திருக்கணும். படிக்காத சனம்" என்றார் மேனேஜர், என் காதுபட.

யார் படிக்காத சனம், டாக்டர்? இரண்டு பொய்வலிக்கு அந்த அப்பாவிடம் பணத்தை உருவிவிட்டு, நிஜ வலிக்கு அவர் தலையிலேயே பழியைப் போட்டோம்.

"கோவத்த வச்சுக்கப்பா, ஆனா வீணாக்காத" என்பீர்கள். உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பேச்சுதான்.

உங்கள் பெயருக்கு வரும் தபாலை இப்போதும் மேனேஜர்தான் பிரிக்கிறார். அதனால் இந்தக் கடிதத்தை உங்கள் பெயருக்கே, ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்புகிறேன். கையெழுத்துப் போடப்போவதில்லை. எழுதியது யாரென்று அவருக்குத் தெரியும், முடிந்தால் நிரூபிக்கட்டும்.