உள்ளங்கையில் எழுதிய எண்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. செகந்திராபாத் பஸ்ஸில் நின்றபடியே பயணம்.

ஆய்வுக்கு இன்று இரண்டு பேர். கேள்வித்தாளை ஆய்வை நடத்தும் மேடம் பார்த்துக்கொள்கிறார்: யாரும் இல்லாதபோது யாரோ இருப்பதாகத் தோன்றுமா, இப்படி. அந்த மதிப்பெண் எனக்குத் தெரியக்கூடாது. என் பங்கு உடம்புச் சோதனை மட்டும். முஷ்டி, கையின் விளிம்பு, உள்ளங்கை என்று மேஜையில் மாறி மாறித் தட்டச் சொல்வது (மு.வி.உ.). கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் எண் எழுதிக் கேட்பது. விசித்திரமான எண்ணப்போக்கு உள்ளவர்களிடம் இந்தச் சின்னத் தடுமாற்றங்கள் சற்று அதிகமா? அதுதான் கேள்வி.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா: "அதையே நம்ம வசுவுக்கும் பண்ணிப் பாரேன்டா. திங்கக்கிழமை புனே போகணும். அனுப்பவே பயமா இருக்கு."

தங்கைக்கு அங்கே முதல் வேலை. மாடிவீட்டுக் குழாய்ச் சத்தம் தனக்குப் பதில் சொல்கிறது என்பாள். தோழிகள் இல்லை. படிப்பில் குறை கிடையாது.

ஜூலை 9, புதன்

வசுவை எதிரே உட்காரவைத்தேன். மு.வி.உ. வரிசை குழம்பியது. எண்கள் பெரும்பாலும் தப்பு. ஆறு எழுதினால் ஒன்பது என்றாள்.

"நக்கோண்ணா, வேணாம். கைரேகை ஜோசியம் மாதிரி இருக்கு."

புனே போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா காரணம் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தாள்.

ஜூலை 10, வியாழன்

நான் சோதிப்பதை மேடம் பக்கத்தில் நின்று பார்த்தார். எண்ணை எதிரில் இருப்பவர் படிக்கிற திசையில் எழுத வேண்டுமாம். நான் என் பக்கத்திலிருந்து எழுதிவந்திருக்கிறேன். எல்லாம் தலைகீழ். இதுவரை எடுத்த உள்ளங்கை முடிவுகள் குப்பைக்கு.

பெயர் சொல்லாமல் வசுவைப் பற்றிக் கேட்டேன். பலரைச் சேர்த்துப் பார்த்தால்தான் இதற்கு அர்த்தம், தனி ஒருவரைப் பற்றி எதுவும் சொல்லாது என்றார். பிறகு, "உங்க வீட்டு ஆளா?"

ஆமாம்.

கான்டீனில் இட்லி. புளித்த சட்னி.

ஜூலை 11, வெள்ளி

வசுவுக்கு மறுபடி. இம்முறை அவள் பக்கத்தில் உட்கார்ந்து. எண்கள் எல்லாம் சரி. மு.வி.உ. இன்னும் குழப்பம்தான். குழம்பட்டும்.

நான் சொன்னது தப்பு, அனுப்பலாமா கூடாதா என்று இது சொல்லாது என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். தாமதமாகச் சேர்வதாக அம்மா நேற்றே வசுவைக் கம்பெனிக்கு எழுதவைத்துவிட்டாளாம்.

"ஒண்ணும் சொல்லாதுன்னா எதுக்குடா பண்ணினே?"

வசு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். குரல் கேட்கிறது. தேதி மாற்ற வேண்டாம், திங்கட்கிழமையே சேர்கிறேன் என்கிறாள். இங்கிலீஷில், தடங்கலில்லாமல்.